லாரி அதிர்வையும் கற்றுக்கொண்ட தட்டு

விண்கலத்துக்குக் காலூன்றத் தரை கிடையாது. உள்ளே ஒரு சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றினால் கலம் மறுபக்கம் திரும்பும், அவ்வளவுதான். எரிபொருள் தீரத்தீர எடை மாறும். மாறிய எடைக்குச் சக்கரத்தை எவ்வளவு சுற்றுவது என்பதை அது தன் தவறுகளிலிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும். பெரம்பலூரில் பொறியியல் கடைசி ஆண்டில் இதைத்தான் புராஜெக்டாக எடுத்தேன். கூட்டாளி அரியலூர்க்காரி, என் வகுப்புத்தான். தூண்டில் நரம்பில் தொங்கும் ஒரு தட்டு, அதன்மேல் மோட்டாரும் சக்கரமும் வெளிச்சத்தை உணரும் சென்சாரும். டார்ச்சை எங்கே நகர்த்தினாலும் தட்டு அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். தேர்வாளர் ஏதாவது எடையை ஒட்டுவார், அப்போதும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஃபெயில். அவளுக்குக் காத்திருந்த வேலையும் போய்விடும்.

அவள் வீட்டு ஹாலில் தொங்கவிட்டோம். முதலில் சமர்த்தாக நின்றது. கொஞ்ச நேரத்தில் நடுங்கி, பேய் பிடித்ததுபோல் ஆடியது. மோட்டாரை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். புரோகிராமையே திருப்பி எழுதினேன். மறுபடியும் அதே ஆட்டம்.

"கைய வச்சிக்கிட்டு சும்மா இருடா கொஞ்ச நேரம். வேடிக்க மட்டும் பாரு," என்றாள்.

பார்த்தோம். வாசலில் சிமெண்ட் லாரி ஒன்று போனது. தட்டு லேசாக அதிர்ந்தது. இன்னொரு லாரி. இந்த முறை கூடுதலாக.

"லாரி போறப்பல்லாம் இது என்னமோ கத்துக்குதுடா!"

அதேதான்! டார்ச் அசையவில்லை, கற்க ஒன்றுமில்லை. ஆனாலும் ஒவ்வொரு அதிர்வையும் தன் தவறென்று நினைத்து, தட்டு எடைக் கணக்கைத் தாறுமாறாக ஏற்றியிருக்கிறது. அந்தத் தெருவிலேயே வளர்ந்தவளுக்கு லாரிச் சத்தம் காதில் விழுவதே இல்லை. எனக்கோ பதறவே நேரம் சரியாக இருந்தது.

"உன்ன மாதிரியே வந்து வாச்சிருக்கு. சும்மா இருக்கவே தெரியல."

ஒரே வரி சேர்த்தேன்: தவறு மிகச் சிறியதாக இருந்தால் கற்காதே. லாரிகள் போயின. தட்டு அதிர்ந்தது, அடங்கியது.

தேர்வன்று தேர்வாளர் தன் பைக் சாவிக்கொத்தைத் தட்டின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டி, டார்ச்சை நகர்த்தினார். தட்டு வெளிச்சத்தைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது. மறுபடி தாண்டியது, கொஞ்சமாக. பிறகு நேராக வெளிச்சத்தைப் பார்த்து நின்றுவிட்டது.

"சரி தம்பி, சாவியக் கழட்டிக் குடுங்க. வெயிலு ஏர்றதுக்குள்ள கெளம்பணும்."

நான் டேப்பை உரித்துக்கொண்டிருந்தேன். அவள்தான் கேட்டாள்: "பாஸுங்களா சார்?"

"பின்ன?"

அவள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.