அடுத்த கேள்வி

பாப்பிரெட்டிப்பட்டி மாதா கோயிலில், முதன்முதலாக ‘நன்மை’ எனப்படும் நற்கருணை அப்பம் வாங்கப்போகிறவர்களுக்கு வகுப்பு எடுத்த உபதேசியார், கசங்காத வெள்ளைச் சட்டைக்காரர். கேள்வி கேட்கும்போதெல்லாம் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார். பிள்ளைகளோடு பெரியவர்களும் உட்கார்ந்திருந்தோம். ஓர் அம்மா தயங்கி எழுந்தார்.

“நன்மையில கொஞ்சம் வூட்டுக்கு எடுத்துட்டுப் போலாங்களா? கோயிலுக்கு வந்துட்டிருந்த மாமியா இப்பப் படுத்த படுக்கையா கெடக்கறாங்க.”

“பொட்டலம் கட்ட இதென்ன பிரசாதமா?” என்று உபதேசியார் சீறினார். வகுப்பே சிரித்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “படுத்திருக்கறவங்களுக்குப் பங்குச் சாமியார்தானுங்களே நன்மை கொண்டு போகணும்?”

“கேட்டாப் போவாரு. யாரு கேட்டாங்க?”

“இப்ப இந்தம்மா கேட்டது என்னங்க?”

அவர் மேசையைத் தட்டினார். “அடுத்த கேள்வி.”

தட்டினால் திறக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இதே மனிதர்தான்.