முட்டையண்ணனின் நாற்காலியும் நாற்றமில்லாத கரைப்பானும்

காகித ஆலை வாசலில் முட்டையண்ணன் எங்கே என்று கேட்டால் வாட்ச்மேன் கையை நீட்டிக் காட்டுவார். காட்டிய கையாலேயே மூக்கையும் பொத்திக்கொள்வார். டைஜஸ்டர் என்கிற ராட்சத இரும்புக் கலத்தில் மரச்சீவல்களைக் கந்தகக் கலவையோடு வேகவைத்துக் கூழாக்குவது அண்ணனின் பத்தொன்பது வருட உத்தியோகம். அந்தக் கலவை வெந்தால் கூமுட்டை வாடை. குளித்தாலும் போகாது, குளிக்கிற சோப்பும் இரண்டே நாளில் முட்டையாகிவிடும்.

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மூன்று நாற்காலிகள். ஒன்றில் மனைவி, ஒன்றில் மகள், மூன்றாவதில் பழைய செய்தித்தாள் கட்டு. அண்ணனுக்குப் பின்வாசல் படி. காகிதம் செய்கிறவருக்கு இல்லாத நாற்காலியில் காகிதம் உட்கார்ந்திருந்ததை வாசகர்கள் கவனிக்கவேண்டும். அண்ணன் தினமும் கவனித்தார்.

போன வருடம் ஆலைக்குப் பசுமைக் கரைப்பான் வந்தது. மேலாளர் எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கினார்.

"இனிமே கந்தகமே கிடையாது. பால் புளிச்சா வர்ற அமிலம், கோழித் தீவனத்துல போடுற கோலின் உப்பு, ரெண்டே சரக்கு. கலந்து சூடாக்கினா மரத்துல இருக்கிற பசை கழண்டுக்கும். அதையே வடிச்சு எடுத்து மறுபடி ஊத்தலாம். குழந்தைகூடக் குடிக்கலாம்!"

"நீங்க ஒரு மடக்கு குடிங்க சார், பார்க்கிறோம்," என்றார் ஃபிட்டர் ஒருவர்.

மேலாளருக்கு அன்றைக்கென்று தொண்டை சரியில்லை.

கேலி கிடக்கட்டும், சரக்கு நல்ல சரக்குதான். நூற்றிருபது டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்தால் கூழ் பதமாக வந்தது. வாடை துளிகூட இல்லை. மூன்றாம் நாள் மனைவி அண்ணனின் காலரைப் பிடித்து, பழக்கடையில் பழத்தை முகர்வதுபோல முகர்ந்து பார்த்தார். செய்தித்தாள் கட்டு தரைக்கு இறங்கியது. அண்ணன் நாற்காலிக்கு ஏறினார்.

"அப்பா, சாப்பிடும்போது நீங்க இவ்வளவு பேசுவீங்களா?" என்று மகள் அதிசயப்பட்டாள்.

அண்ணனின் ஆட்சி நாற்பது நாள் நடந்தது. அதற்குள் மேலாளருக்கு ஆறு மணி நேரம் அதிகமாகப் பட்டது. சூட்டை நூற்றைம்பதுக்கு மேல் ஏற்றச் சொன்னார்.

"சார், அந்த உப்பு அவ்வளவு சூடு தாங்காது. உடைஞ்சு அழுகின மீன் வாடை வரும்," என்றார் அண்ணன்.

"வரட்டுமே. மீனும் இயற்கைதானய்யா!"

வந்தது. வெயிலில் ஒரு வாரம் ஊறிய மீன்கூடையைத் தலையில் கவிழ்த்தாற்போல. கான்டீனில் பாதிப்பேர் வாயில் வைத்ததைத் துப்பினார்கள். வீட்டில் மனைவி கதவைத் திறந்து, மறுபடி சாத்திவிட்டு உள்ளேயிருந்து கேட்டார்:

"முட்டை ஒழிஞ்சுதுன்னு பார்த்தா மீனா? அடுத்து என்னங்க, எலியா?"

கட்டு மீண்டும் நாற்காலி ஏறியது.

அந்த வாரமே பசுமைச் சான்றிதழ் தரும் அதிகாரிகள் வந்தார்கள். 'துர்நாற்றம்: உண்டு / இல்லை' என்றொரு படிவம், டைஜஸ்டர்காரர் கையெழுத்துப் போடவேண்டும். "புதுச் சட்டையில வந்து இல்லைன்னு போட்டுட்டுப் போ," என்று மேலாளர் சொல்லியனுப்பினார். அண்ணன் மூன்று ஷிஃப்ட் பார்த்த சட்டையோடு அதிகாரிகள் இருந்த ஏசி அறைக்குள் போய், கதவைப் பணிவாகச் சாத்திவிட்டு நின்றார்.

"எனக்கு மூக்கு மரத்துப்போச்சுங்க. உண்டா இல்லையான்னு நீங்களே எழுதிக்கங்க."

அதிகாரி கைக்குட்டையைத் தேடினார். மேலாளர் பாய்ந்துபோய் ஜன்னலைத் திறந்தார். ஜன்னலுக்கு நேர் எதிரே டைஜஸ்டர். யார் முதலில் வெளியே ஓடினார் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு.

'வாடைக்கு உடனடி நடவடிக்கை தேவை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அண்ணன் வீட்டு வாசலில் நின்றே அறிவித்தார்: "நாளைக்கு அந்தக் கட்டை இறக்கி வை. சூட்டைக் குறைச்சுத்தான் ஆகணும்."

மறுநாள் நடவடிக்கை எடுக்கப்பட்டது. சூடு அப்படியே இருந்தது. டைஜஸ்டருக்கு மேலே ரோஜா செண்ட் தெளிக்கும் மெஷின் மாட்டியிருந்தார்கள்.

சாயங்காலம் மனைவி வாசலுக்கு வந்தார். ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்தார்.

"செத்த மீனுக்கு யாருங்க செண்ட் அடிச்சது?"

அண்ணன் தட்டை வாங்கிக்கொண்டு பின்வாசல் படியையும் தாண்டி, மதில் ஓரத்துக்குப் போனார்.

பத்து நாள் கழித்து, செய்தித்தாளில் சான்றிதழும் கையுமாக மேலாளர் சிரித்தார். மகள் படித்து முடித்து, அந்தத் தாளை மடித்துக் கட்டின்மேல் வைத்தாள். இப்போது அண்ணனின் நாற்காலியில் மேலாளர் உட்கார்ந்திருக்கிறார். அவர்மேல் எந்த வாடையும் இல்லை.