அரைக்கட்டை இறங்கிய பியானோ

எங்கள் மாடிவீட்டுக்காரிக்கு ஐந்து வயதிலேயே பேய்க்காது. ஸ்பூன் கீழே விழுந்தால் அது என்ன சுரம் என்று சொல்லிவிடுவாள். தபால்காரரை நாய் கடித்தபோது, அவருடைய அலறல் எந்தச் சுரத்தில் தொடங்கி எதில் முடிந்தது என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் எடுக்க ஓடினாளாம். நாயே வெட்கப்பட்டு வாயை எடுத்துவிட்டதாகக் கேள்வி. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். சாட்சி சொல்ல நாய் இப்போது உயிரோடு இல்லை.

முன்பு குடியிருந்தவர்கள் மாடிப்படியில் இறக்க முடியாமல் விட்டுப்போன பியானோ அவளுக்கு வாய்த்தது. அதிலேயே பழகி, பெரிய மண்டபங்களில் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் அளவுக்கு வளர்ந்தாள். இசைத்தாளை எதிரே வைத்துக்கொள்ளவே மாட்டாள். காது முன்னே போகும், விரல் பின்னாலேயே போகும். அவள் வித்தை அவ்வளவுதான்.

கணவர் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். ஒரு கச்சேரிக்கு முன்னால், ஒரு தந்தி மயிரிழை இறங்கியிருக்கிறது என்று இவள் சொல்ல, இல்லவே இல்லை என்று அவர் சொல்ல, கூட்டம் வந்து உட்கார்ந்த பிறகும் சண்டை ஓயவில்லை. மிச்சத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அறுபதை நெருங்கும்போது அவள் காது வழுக்க ஆரம்பித்தது. செவிடு இல்லை. எல்லா ஒலியும் அரைக்கட்டை, அதாவது பியானோவில் பக்கத்துக் கட்டை அளவுக்கு, உயர்ந்து கேட்டது. வயதானால் சிலருக்கு அப்படி ஆகுமாம். பேய்க்காதுக்காரர்களுக்குத்தான் அது வலிக்கும். எனக்கெல்லாம் ஒட்டகம் பாடினாலும் ஒன்றுதான்.

காது கெட்டது என்று அவள் நினைக்கவே இல்லை. உலகம் கெட்டது என்று நினைத்தாள். ரேடியோவைத் திட்டினாள். ஒருநாள் என் வாசலில் நின்றுகொண்டு, "ஏண்டி, உன் காலிங் பெல்லுக்கு என்ன கேடு? சுருதி ஏறிக் கிடக்கு!" என்றாள்.

"பெல்லுக்கு ஒண்ணுமில்ல, அடிக்கிற ஆளுக்குத்தான்" என்றேன். சிரித்தாள். பின்னால் நின்ற கணவர் சிரிக்கவில்லை.

வீட்டுப் பியானோவையும் அவள் விடவில்லை. "ஏங்க, ஏத்தி முறுக்கி வச்சிருக்கீங்களே, கை நடுங்குதா?"

அவர் சுருதிக்கவையைத் தட்டி, அதன் ஒலியோடு பியானோவை ஒத்துப் பார்த்தார். பியானோ சரியாகத்தான் இருந்தது. "ஆமாம்மா, என் தப்புதான்" என்றார். அவள் காலையில் நடக்கப் போகும்போதெல்லாம் தந்திகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, முழுதாக அரைக்கட்டை இறக்கிவிட்டார். "இப்பதான் உங்களுக்குப் புத்தி வந்திருக்கு" என்று அவள் குளிர்ந்து போனாள். "சொல்லிடுங்க" என்று படிக்கட்டில் மறித்துக் கேட்டேன். "அவளுக்கு இருக்கறது அந்தக் காது ஒண்ணுதான், அதையும் நான் பிடுங்கணுமா?" என்றார்.

அப்போதுதான் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். சில வருஷமாக மேடை இல்லை; கிழவி ஓய்ந்துவிட்டாள் என்று பேச்சு. "ஓஞ்சேனான்னு பார்க்கட்டும்" என்று அவள் இரவு பகலாகச் சாதகம் செய்தாள். அரைக்கட்டை இறங்கிய அந்தப் பியானோவில்தான்.

ஒத்திகைக்குப் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். காலி நாற்காலிகள் நடுவில், மூன்றாவது வரிசையில், அவரும் நானும். விரலுக்குத் தானாகவே வழி தெரிந்துவிடும் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வயலின்கள் தொடங்கின. அவள் நெற்றி சுருங்கியது. வயலினும் மேடைப் பியானோவும் அவள் காதுக்கு அரைக்கட்டை ஏறித்தான் கேட்டிருக்கும். முதல் வரியைச் சரியாகத்தான் எடுத்தாள். இரண்டாவது வரியில் காது ஒரு பக்கம் இழுக்க, கை இடப்பக்கத்துக் கட்டைகளுக்கு நழுவியது. ஆர்க்கெஸ்ட்ரா ஒரு சுருதியில், இவள் அரைக்கட்டை கீழே.

ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர் கைக்கோலை இறக்கினார். "முதல்லேர்ந்து பார்க்கலாமாம்மா?"

மறுபடியும் அதே இடம். அதே நழுவல். ஆர்க்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

கையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "ஏங்க, நம்ம வீட்டுப் பியானோ எவ்வளவு இறங்கியிருக்கு?"

அவர் எழுந்து நின்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. "அரைக்கட்டை."

"எனக்காகவா?"

அவர் தலையாட்டினார். அவள் பியானோவின் மூடியைச் சத்தமில்லாமல் மூடினாள். விழாவில் வேறு யாரோ வாசித்தார்கள்.

வீடு திரும்பும் வழியில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "நாளைக்கு ஏத்திடுங்க." ஏற்றினார். மூன்று தந்தி அறுந்தது. மாற்றிக் கட்டினார். அவள் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனவள், அவர் சாகும்வரை அதன் பக்கம் போகவில்லை. சண்டையும் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ.

அதன் பிறகு வேறெந்தச் சுருதிக்காரரையும் அவள் படியேற விடவில்லை. ஆண்டுகள் போயின. ஒரு மத்தியானம் மேலே பியானோ கேட்டது. மூச்சிரைக்க ஏறினேன்.

"கேட்டியாடி? தானா இறங்கிடுச்சு" என்றாள்.

கவனிக்காத தந்தி தளரத்தான் செய்யும். ஒன்று நிறைய, ஒன்று கொஞ்சம் என்று தாறுமாறாகத் தளர்ந்திருந்தது. என் ஒட்டகக் காதுக்கே கூசியது. "ஆமா, கச்சிதமா இருக்கு" என்றேன்.

ஒத்திகையில் நின்றுபோன அந்த இசையையே முதலிலிருந்து எடுத்தாள். ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க வேண்டிய இடம் வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு, தலையை மெல்ல அசைத்தபடி, அது முடியட்டும் என்று காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.