பூ வைத்தவளுக்குச் சான்று இல்லை

காலை 8.10. சங்கரன்கோவில் பேருந்து நிலையம். பனவடலிசத்திரத்துக்கு நகரப் பேருந்தில் பதினைந்து ரூபாய். மிலேனாவுக்கும் சேர்த்துப் பணம் நீட்டினேன்.

"வெள்ளக்கார அம்மாவுக்கும் ஃப்ரீதான் அண்ணாச்சி. பொம்பளைன்னா பொம்பளைதான்" என்றார் நடத்துநர். அன்று அரசுப் பணியாளர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நியாயமான வாக்கியம்.

மிலேனா போஸ்னியாக்காரர், வயது அறுபத்து நான்கு. மதுரைக் கருத்தரங்குக்கு வந்தவரை அங்கே பேராசிரியராக இருக்கும் என் மகள் என்னிடம் அனுப்பியிருந்தாள். தொண்ணூறுகளில் நடந்த போரின்போது எதிர்ப்படையினர் அவர் ஊர் ஆண்களைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவருடைய தம்பியையும். யாரும் திரும்பவில்லை. சண்டையிட்ட எல்லாத் தரப்புப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, காணாமல் போனவர்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதே அவர் வாழ்க்கை. சொந்த ஊரில் கிடைத்த பட்டம், துரோகி. வீட்டுச் சுவரிலேயே எழுதி வைத்தார்களாம். வெயில் கடுமை என்பதுபோல இதையும் சொன்னார்.

9.20. பனவடலியிலிருந்து ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், எண்பது ரூபாய். ஊர்ப் பெயர் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலகத்தில் கோமதி காத்திருந்தாள். லாரி ஓட்டிப் புனேக்குப் போன கணவரைப் பற்றி ஒன்பது ஆண்டுகளாகத் தகவல் இல்லை. வீட்டுமனைப் பட்டா அவர் பெயரில். அது கோமதி பெயருக்கு மாறினால்தான் ஒழுகும் கூரைக்குப் பதிலாக அரசு வீடு கிடைக்கும். மாற்றத்துக்கு முதலில் கிராம நிர்வாக அலுவலர் பரிந்துரை எழுத வேண்டும். காவல்துறையின் 'கண்டுபிடிக்க இயலவில்லை' சான்று, இறந்ததாகக் கருதலாம் என்ற நீதிமன்றத் தீர்ப்பு, எல்லாம் நான் வரிசை எண் இட்டுக் கோத்துக் கொடுத்தவை. வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு இருந்தவன் நான்.

அலுவலர் கோப்பைப் பார்க்கவில்லை. கோமதியின் தலையைப் பார்த்தார்.

"ஏம்மா, பிச்சிப்பூ வச்சிருக்க, பொட்டு வச்சிருக்க. புருஷன் செத்துட்டான்னு நான் எப்படி எழுத?"

"கோர்ட்டுதான் அப்படிச் சொல்லுது சார். நான் சொல்லலையே."

"அப்ப பூவை எடுத்துப் போட்டுட்டு வா. நாலு பேரு பாக்காங்கல்லா."

எனக்குப் பொறுக்கவில்லை. "எந்த அரசாணைல வே பூவைப் பத்திப் போட்டிருக்கு? நம்பரைச் சொல்லும், குறிச்சிக்கிடுதேன்."

"அண்ணாச்சி, நீங்க ரிட்டயர் ஆயாச்சு."

மிலேனாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவே கூசியது. கேட்டுக்கொண்டவர், "எங்கள் ஊரில் பெயரைக் கேட்பார்கள். அதை வைத்து எந்தத் தரப்பு என்று தெரிந்ததும் கவுண்டர் ஜன்னலைச் சாத்துவார்கள். இங்கே தலையைப் பார்க்கிறார்களா?" என்றார். பிறகு மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். கோமதியும் உட்கார்ந்தாள். கோஷம் இல்லை, பேச்சு இல்லை. மனுக் கொடுக்க வந்த பெண்கள் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"அம்மாவுக்கு ஒரு சேர் போடுங்கப்பா" என்றார் அலுவலர். மிலேனா எழவில்லை.

12.50. பரிந்துரையில் கையெழுத்து விழுந்தது. மூன்றரை மணி நேரத்தில் சட்டம் ஒன்றும் மாறவில்லை. தரையில்தான் இடம் இல்லாமல் போயிற்று.

வெளியே வந்த கோமதி தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

"சார், நாளைக்கே அவரு வந்து நின்னா, இதை ரத்து பண்ணிரலாம்லா?"

"பண்ணிரலாம்மா" என்றேன். மனு, விசாரணை, ரத்து ஆணை. அதற்கும் நடைமுறை உண்டு.

மாலை ரயில் ஏறும்முன், அவள் கடைசியாக என்ன கேட்டாள் என்றார் மிலேனா. சொன்னேன்.

"திரும்பி வந்தவர்களுக்கென்று எங்களிடமும் படிவம் உண்டு. இதுவரை ஒன்றுகூட நிரப்பியதில்லை."

பணியில் இருந்தவரை நானும் நிரப்பியதில்லை. கோமதியிடம் அதைச் சொல்லவும் இல்லை.