தொப்பைக்கு ஒருசந்தி

கோத்தன்பர்க்கில் ஒருவன் காலையில் சாப்பிடுவதில்லை என்று சொன்னால் பாராட்டுகிறார்கள். ஸ்வீடனுக்கு வந்து இத்தனை வருஷமாக லாரித் தொழிற்சாலையில் நட்டு முடுக்குகிறேன். அதற்கு ஒருவரும் வாய் திறந்ததில்லை. பட்டினி கிடக்கிறேன் என்றதும் கூட வேலை செய்யும் லேனா, "துக்திக்!" என்றாள். கெட்டிக்காரன் என்று பொருள். இதே கெட்டிக்காரத்தனத்தை இராயபுரத்தில் பள்ளிக்கூடம் போகிற வயதில் காட்டியபோது, என் அம்மா துடைப்பத்தால் பாராட்டுவிழா நடத்தினாள்.

கெட்டிக்காரனானது இப்படித்தான். ஒரு குளிர்காலக் காலையில் ஆறு வயது மகனுக்குப் பனிக்கோட்டு மாட்டி ஜிப்பை இழுக்கக் குனிந்தேன். பேன்ட் பொத்தான் தெறித்து எதிர்ச் சுவரில் மோதியது. நிமிர்ந்தபோது மூச்சு இரைத்தது. "அப்பா, நீ சாகப் போறியா?" என்றான் மகன். கவலையெல்லாம் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான். எனக்குப் போதாதா? சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். இரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றாள். விசாவுக்கு வரிசையில் நின்றவனிடம் எல்லை என்று சொல்லலாமா? தாண்டிவிட்டால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. டிராம் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் என் அடக்கப் பூசைக்கான பாட்டுகளை எல்லாம் தேர்ந்தெடுத்து முடித்திருந்தேன்.

கைபேசியில் ஒரு செயலியை இறக்கினேன். பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரம் சாப்பாடு. மதியம் பன்னிரண்டுக்கு வாய் திறக்கலாம், இரவு எட்டுக்கு மூடிவிட வேண்டும். இதைக் கண்டுபிடித்த மகானுக்குப் பிள்ளைகுட்டி இல்லை என்று சத்தியம் செய்வேன். என் மனைவி முதியோர் இல்லத்தில் விடியற்கால ஷிஃப்டுக்குப் போய்விடுவாள். காலை நேரம் முழுக்க என் தலையில். மகனுக்குக் கஞ்சி, பத்து வயது மகள் நீனாவுக்கு ரொட்டி. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்பனின் வாய்தானே குப்பைத்தொட்டி? மிச்சக் கஞ்சி, கடித்த ரொட்டியின் ஓரம், ஜாம் ஒட்டிய கரண்டி எல்லாம் கேட்காமலே உள்ளே போய்ப் பழகிவிட்டன. ஒருநாள் கரண்டியை நக்கிய பிறகுதான் உறைத்தது. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, ஜாம் நக்கினால் விரதம் முறியுமா என்று கைபேசியில் தேடினேன். கொலை செய்தவன்கூட அவ்வளவு பயத்தோடு தேடியிருக்க மாட்டான்.

வேலையிடத்திலோ ஃபிகா என்றொரு சடங்கு. வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் கூடிக் காபி குடித்து, பட்டை மணக்கும் கனெல்புல்லே பன்னைத் தின்ன வேண்டும். நான் கறுப்புக் காபியோடு மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த லேனா, மத நம்பிக்கையா என்று மெல்லக் கேட்டாள். வாய் சும்மா இருக்குமா? "ஆமாம், புது மதம். தெய்வம் எடைமெஷின்" என்றேன். மதம் என்ற சொல்லுக்கு மேல் இங்கே யாரும் எதையும் காதில் வாங்குவதில்லை. மறுநாள் பன் தட்டு தூரத்து மேசைக்குப் போயிருந்தது. அத்தனை பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தம் வராமல் மென்றார்கள். என் பக்திக்கு இப்படியொரு மரியாதை இராயபுரம் கோயிலில்கூடக் கிடைத்ததில்லை.

உண்மையில் இந்தப் பட்டினி எங்களுக்குப் புதிதல்ல. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிடுவதை ஒருசந்தி என்போம். தவக்காலம் இல்லாத நாளில் ஒருவன் ஒருசந்தி இருந்தால், யாருக்காகவோ நேர்ந்துகொண்டிருக்கிறான் என்று தெரு தானாகப் புரிந்துகொள்ளும். யாருக்கு என்ன ஆபத்து என்று விசாரித்துவிட்டு, கூடவே நான்கு பேர் செபம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இதை நான் மறந்துபோனதுதான் வினை.

ஜூலையில் ரீட்டா அக்காவின் கணவர் ஜோசப் மாமாவுக்கு இருதய ஆபரேஷன். துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டிய மனிதர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. முதல் நாள் காலையில் அக்கா இட்லியும் வடகறியும் கொண்டுவந்து வைத்தாள்.

"வேணாம்க்கா. காலைல சாப்புடுறதில்ல."

"ஏன், ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"அப்போ ஒருசந்தியா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். தட்டைப் பிடித்திருந்த அக்காவின் கை நின்றுவிட்டது. கண் கலங்கியது. "மாமாக்கோசரம் தானடா? சொல்லவே இல்லியே நீ!" என்று என் தலையைத் தடவினாள். மாமா ஆபரேஷனுக்குப் போகிற வீட்டில், கலங்கி நிற்கிற ஒருத்தியிடம், இல்லையக்கா தொப்பைக்காக என்று எந்த வாயால் சொல்வது? மறுநாள் மதியத்துக்குள் தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. மீன் வாங்கப் போனால் பெண்கள் வழிவிட்டு நின்றார்கள். பன்னிரண்டு அடித்ததும் நான் வஞ்சிரம் வறுவலை வாரி அடைப்பதைப் பார்த்து, காலையெல்லாம் தவமிருந்த பிள்ளை என்று உருகினார்கள். எட்டு மணி நேரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டை முடிப்பதும் ஒரு தவம்தானே.

மாமா மட்டும் கட்டிலிலிருந்தே என்னை அளந்தார். "டேய் மச்சான், நெஞ்ச கீறப் போறது எனக்கு. நீ ஏன்டா நாஷ்டா துன்னாம பேஜாராவுற?" என்றார். உப்பில்லாக் கஞ்சியைத் தள்ளிவிட்டு, "துன்னாம கெடக்குற அந்த வடகறிய இப்டி தள்ளு" என்றார். அக்கா கரண்டியை ஓங்கினாள். நீனாவோ என் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, உன் பேன்ட்டுக்காகத்தானே?" என்றாள். உண்மையை மட்டுமே பேச வேண்டும் என்று ஸ்வீடன் பள்ளிக்கூடம் கெடுத்துவைத்த பிள்ளை. வெளியே சொல்லாதே என்று கெஞ்சினேன்.

ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் அக்காவும் நானும். அவளும் காலையிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை. மதியத்துக்குள் முடியும் என்றிருந்தார்கள். முடியவில்லை. பன்னிரண்டுக்குச் செயலி மணியடித்து, இப்போது நீங்கள் சாப்பிடலாம் என்று பூ தூவியது. பையில் பிரிஞ்சிப் பொட்டலம் மணத்தது. "சாப்புடுறா. நீ வேற வுழுந்து வெக்காத" என்றாள் அக்கா. பொட்டலத்தைத் தொடக் கை வரவில்லை. எனக்கு வேறொரு கிலி பிடித்துக்கொண்டது. மாமாவின் கணக்கில் தெரு மொத்தமும் நம்பி வைத்திருப்பது ஒரு டூப்ளிகேட் ஒருசந்தியை. மேலே யாராவது திறந்து பார்த்து, இதில் பக்தி இல்லை, வெறும் பேன்ட்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டால்? சிரிப்பாகத்தான் இருக்கிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. ஆயுளில் முதல் தடவையாக, எடையை மறந்து பட்டினி கிடந்தேன். எட்டு மணிக்குச் செயலி வாயை மூடச் சொன்னது. அதன் பிறகுதான் டாக்டர் வந்தார். பிழைத்துக்கொண்டார் என்றார். அக்கா அழுதாள், மூக்கைச் சிந்தினாள், ஆறிப்போன பிரிஞ்சியைப் பிரித்து முதல் வாயை எனக்கு ஊட்டினாள். நேரங்கெட்ட நேரத்தில் தின்றேன். செயலி கோபித்துக்கொண்டது.

மாமா வீடு திரும்பி, சோற்றில் உப்பில்லை என்று சண்டை போடுகிற அளவுக்குத் தேறினார். கிளம்புவதற்கு முந்தின நாள், மனசு உறுத்த, அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அக்கா, அது மாமாவுக்காக இல்ல. தொப்பைக்காக."

பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. "தெரியும்டா. நீனா அன்னிக்கி சாயங்காலமே சொல்ட்டா, அப்பாக்கு பேன்ட் பத்தலன்னு."

"அப்புறம் ஏன் வூடு வூடா சொல்லிகினு திரிஞ்ச?"

"நீ எதுக்கோசரம் கெடந்தா எனக்கு இன்னா? பசி பசிதானே? அது பாட்டுக்கு வீணா போய்கினு இருந்துச்சி. அத்த எடுத்து மாமா பேர்ல வெச்சேன். உன் தொப்ப கொறையலன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல."

தொப்பை குறையவில்லை. அந்த மதியங்களில் தின்ற வஞ்சிரம் அப்படி. சர்க்கரையும் எல்லைக்கோட்டிலேயே, தாண்டவும் மனமில்லாமல் திரும்பவும் மனமில்லாமல், என்னைப் போலவே நிற்கிறது. ஆனால் அக்கா ருசி கண்டுவிட்டாள். வெளிநாட்டில் தினமும் ஒரு பசி சும்மா கிடக்கிறது என்றால் விடுவாளா? பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு டிராமுக்கு நிற்கும்போது அழைக்கிறாள். "சாப்ட்டியாடா?" என்கிறாள். இல்லை என்றால் சந்தோஷப்படுகிறாள். போன வாரம் முழுக்க யாரோ ஒரு பையனின் வேலைக்காகப் பட்டினி கிடந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். இன்று காலை, "பின்தெரு ஸ்டெல்லாவுக்கு வலி வந்துட்ச்சி. இன்னிக்கி அவ பேர்ல. பன்னு கின்னு துன்னு வெக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

விடிந்தும் விடியாத இருட்டும் தூறலும். வயிறு உறுமியதில், பக்கத்தில் நின்ற பெரியவர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். டிராம் வந்தது, ஏறினேன். வயிறு என்னோடு ஏறிவிட்டது. பசி மட்டும் இராயபுரத்தில், முகம் தெரியாத ஒரு பெண்ணின் பிரசவ அறை வாசலில், கதவு திறக்கட்டும் என்று நின்றுகொண்டிருக்கிறது.