மேம்பாலத்தில் பெட்டியக்கா

பெட்டியக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. காலையில் ஒன்பது கிளினிக்குகளுக்குப் போய், அங்கே எடுத்து வைத்திருக்கும் பரிசோதனை ரத்தம் நிறைந்த குழாய்களை வாங்கி, ஐஸ் பெட்டியில் அடுக்கிப் பெரிய லேபில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. இரண்டு மணி நேரத்துக்குள் சேர்த்தாக வேண்டும். வண்டியின் பின்னால் எந்நேரமும் அந்த நீலப் பெட்டி இருந்ததால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வண்டி கணவருடைய பெரிய பைக். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கண்ணில் பார்வை மங்கியதும் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். விற்றுவிடலாம் என்ற பேச்சு வந்தபோது, "எதுக்கு விக்கணும்? நான் ஓட்டறேன்" என்றார் பெட்டியக்கா. முதல் மாதத்தில் இரண்டு தடவை சிக்னலில் சாய்த்தார். அப்புறம் பதினொரு வருஷம், வண்டியில் ஒரு கீறல் விழவில்லை. முகம் முழுக்க மூடும் கறுப்பு ஹெல்மெட், கணவரின் பழைய தோல் கோட்டு, கனத்த பூட்ஸ். இந்தக் கோலத்தில் வந்து நின்றால், எதிரே வரும் தாய்மார்கள் பிள்ளையைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொள்வார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும், "அட, நீங்களா!" என்று சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

புதிய மேம்பாலம் திறந்த பிறகு அந்தச் சிரிப்பு குறைந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பதினைந்து வண்டிகள் அங்கே கூடும். ஒருவன் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டுவான். இன்னொருவன் சீட்டின் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் விரிப்பான். பின்னால் வருகிறவன் போனில் படம் பிடிப்பான். போலீஸ் வண்டி வந்தால் கலைவார்கள், போனால் கூடுவார்கள். ஒருமுறை தூக்கிய சக்கரம் ஒன்று பெட்டியக்காவின் தோளுக்கு ஒரு முழ தூரத்தில் உறுமிக்கொண்டு கடந்தது.

அடுத்த ஞாயிறு, எட்டு மணி இருக்கும். பேக்கரியில் மாவு பிசைகிற ஒருவர் வேலை முடிந்து பாலத்தின் ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தார். பெட்டியக்கா அவருக்குக் கொஞ்சம் பின்னால் வந்தார். எதிரே ஒருவன் சக்கரத்தைத் தூக்கினான். சக்கரம் கீழே இறங்கியபோது வண்டி ஒரு பக்கமாக வெட்டித் திரும்பி, பேக்கரிக்காரரை அடித்துப் பாலத்துச் சுவரில் எறிந்தது.

வண்டியோடு விழுந்தவன் எழுந்தான். வண்டியை நிமிர்த்தினான். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவை பெட்டியக்காவைப் பார்த்ததும் விரிந்தன. அடுத்த நொடி அவனும் கூட்டாளிகளும் அந்தப் பக்கம் பறந்துவிட்டார்கள்.

பெட்டியக்கா வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினார். பேக்கரிக்காரருக்கு நினைவில்லை. ஒரு கால் பார்க்க முடியாதபடி மடங்கிக் கிடந்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு, பெட்டியைத் திறந்து ஒரு ஐஸ் பையை எடுத்து வந்து, வீங்கிக்கொண்டிருந்த நெற்றியில் வைத்து அழுத்தினார். பெட்டியக்காவின் கோட்டெல்லாம் அந்த மனிதர் மேலிருந்த மாவு ஒட்டிக்கொண்டது.

அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. இருபது பேர் இறங்கினார்கள். அவர்கள் கண்ணில் பட்டது அடிபட்ட மனிதர், ஒரு பெரிய பைக், கறுப்பு ஹெல்மெட் போட்ட ஒரு ஆள்.

"புடிங்கடா! இந்தக் கும்பல்தான்!"

யாரோ கோட்டுக் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள். ஹெல்மெட்டைப் பிடுங்கியதும் ஒரு கணம் எல்லோரும் திகைத்தார்கள்.

"பொம்பளையா! இந்த வயசுல இது தேவையா உனக்கு?"

"நான் இல்லைங்க... நான் லேபுக்கு..." அவரை முடிக்கவே விடவில்லை. சாவியை ஒருவர் பிடுங்கினார். இன்னொருவர் வண்டியை எட்டி உதைக்க, அது சரிந்தது. திறந்திருந்த பெட்டி உருண்டு குழாய்கள் நொறுங்கின. தார்ச்சாலையில் ரத்தம் பரவியதைப் பார்த்ததும் கூட்டத்துக்கு வெறி பிடித்துவிட்டது. "ஏதோ மருந்து கடத்தறாங்கய்யா!" என்றது ஒரு குரல். நாலைந்து போன்கள் அவர் முகத்துக்கு நேரே நீண்டன. முதுகில் ஒரு அடி விழுந்தது. பாலத்துச் சுவர் இடுப்பில் இடித்தது. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் கீழே விழுந்துவிடுவோம் என்று தெரிந்தது.

அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. கிளினிக்குகளில் அவரை அடிக்கடி பார்க்கிற டிரைவர் இறங்கியவுடன் கத்தினார். "யோவ், கையை எடுங்கய்யா! பெட்டியக்காவை யாருன்னு நினைச்சீங்க? போன் பண்ணதே அவங்கதான்யா!"

கைகள் விலகின. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பஸ் கிளம்பிப் போய்விட்டது.

வீடியோ மட்டும் போகவில்லை. மாலைக்குள் ஊர் முழுக்கச் சுற்றியது. 'ஆளை அடித்துப் போட்ட பைக் பெண்' என்று தலைப்பு. மகள் அதைத் தோழியின் போனில் பார்த்துவிட்டு வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

உடைந்தவை இருபத்து மூன்று குழாய்கள். இருபத்து மூன்று பேருக்கு மறுபடி ஊசி குத்த வேண்டும். அதை நேரில் சொல்ல வேண்டுமே என்று திங்கட்கிழமை பெட்டியக்கா வேலைக்குப் போனார். ஒவ்வொரு கிளினிக்கிலும் தலை குனிந்து சொன்னார். ஆறாவது கிளினிக்கில், ரத்தம் நிறைந்த குழாய்களை எடுத்துக் கொடுக்கும் பையன் நொண்டிக்கொண்டு வந்தான். இருபத்தாறு வயது. தேய்த்த சட்டை, வாயை மூடிய மாஸ்க். ஞாயிறு மட்டும் அவனுக்கு லீவு.

"கால்ல என்னப்பா?"

"மாடிப்படில வழுக்கிட்டேன்க்கா."

குனிந்தபடியே சொன்னான். கையெழுத்துக்கு நோட்டை நீட்டும்போது தெரியாமல் நிமிர்ந்துவிட்டான். மாஸ்க்குக்கு மேலே அதே இரண்டு கண்கள்.

எப்படிக் கையெழுத்துப் போட்டார், எப்படி வெளியே வந்தார் என்று பெட்டியக்காவுக்கே தெரியாது. சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. பின்னால் காலடிச் சத்தம்.

"அக்கா, ஒரு நிமிஷம்." மாஸ்க்கை இறக்கினான். இரண்டு வருஷத்தில் இப்போதுதான் அவன் முழு முகத்தைப் பார்க்கிறார். தண்ணீர் கேட்டால் யாரும் கதவைத் திறந்து கொடுக்கிற முகம். "சொல்லிடாதீங்கக்கா. வேணும்னு பண்ணல."

"அந்த மனுஷன் உயிரோட இருக்காரான்னு கேட்டியா நீ?"

அவன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "என் கூட இருக்கறவங்க ஒரு மாதிரிக்கா. உங்க வண்டி எல்லாருக்கும் தெரியும்."

கெஞ்சுகிறானா, மிரட்டுகிறானா? பெட்டியக்காவுக்குப் புரியவில்லை. "சாயந்திரத்துக்குள்ள நீயே போய்ச் சொல்லிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அவன் சொல்லவில்லை. மறுநாள் முதல் வேலைக்கும் வரவில்லை. ஆனால் பெட்டியக்காவின் பக்கக் கண்ணாடியில் இரண்டு வண்டிகள் தெரியத் தொடங்கின. அவர் நின்றால் அவையும் நின்றன. அவர் திரும்பினால் அவையும் திரும்பின. கிட்டே வரவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. புதன்கிழமை மாலை வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று இன்ஜினை முறுக்கினார்கள். அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. மகள் கேட்டாள்: "நாம சொல்லலைன்னா இவங்க போயிடுவாங்களாம்மா?"

பெட்டியக்கா கணவரைப் பார்த்தார். "என்னங்க, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்று செருப்பை மாட்டினார் அவர். "பயந்துகிட்டே போலாம், வா."

ஸ்டேஷனில் இருந்த எஸ்.ஐ. அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானே அந்த வீடியோல..."

"ஆமா சார். நான்தான். உக்காந்து முழுசாக் கேளுங்க."

அந்தக் கும்பலில் ஒருவனுடைய போனிலேயே எல்லாம் இருந்தது: தூக்கிய சக்கரம், விழுந்த மனிதர், தப்பி ஓடியது. கிளினிக் பையனைக் கைது செய்தார்கள். அவன் லைசென்ஸ் போனது, வேலையும் போனது. வழக்கு இன்னும் நடக்கிறது. பக்கக் கண்ணாடியில் அந்த இரண்டு வண்டிகள் அப்புறம் தெரியவில்லை. ஆனாலும் பின்னால் சத்தம் கேட்டால் பெட்டியக்காவின் தோள் தானாக இறுகிக்கொள்கிறது.

பேக்கரிக்காரர் மூன்று மாதம் கழித்து, காலில் கம்பி வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். பெட்டியக்கா பார்க்கப் போன முதல் நாள், வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதுமே அந்த மனிதர் கட்டிலில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாராம். அவர் மனைவிதான் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

இப்போதும் பெட்டியக்கா வாரம் ஒருமுறை அங்கே போகிறார். தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்டி மேல் வைத்து, அந்தக் கனத்த வண்டியை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டே வீடு வரை போகிறார்.