அக்மராலின் மூடிய வாய்

அல்மாட்டி நகரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் அக்மராலின் அறை. கம்பெனிகளின் பெரிய அதிகாரிகள் வாரம் ஒருமுறை வந்து மனதில் உள்ளதைக் கொட்டித் தெளிந்து போவார்கள். அவள் வேலைக்குக் கோச் என்று பெயர். கீழே வருகிறவர்களுக்காவது மரத்துப்போக ஊசி உண்டு.

முதல் நாளே ஒரு தாளைப் படித்துக் காட்டுவாள். இங்கே பேசுவது வெளியே போகாது. யார் உயிருக்காவது ஆபத்து என்றால் மட்டும் போகும். இரண்டாவது பாதி வரும்போது பலரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதினொரு வருடத்தில் அந்தப் பாதிக்கு வேலை வந்ததில்லை.

மலையில் பனிச்சறுக்கு விடுதி நடத்தும் செரிக்பாய் தன் அதிகாரிகள் ஆறு பேரை அவளிடம் அனுப்பியிருந்தார். மாதம் ஒருமுறை குதிரை இறைச்சி விருந்து போட்டு அவள் வாயைக் கிளறுவார்.

"யெர்கின் என்னப் பத்தி என்ன சொல்றான்? ஒரு வார்த்த சொல்லும்மா."

"இறைச்சி பதமா வெந்திருக்கு, செகே," என்பாள், எல்லோரும் அவரை மரியாதையாக அழைக்கும் பெயரில்.

யெர்கின் அந்த ஆறு பேரில் ஒருவன்; விடுதியின் ரோப் காரைப் பார்த்துக்கொள்கிறவன். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, பூட்ஸைப் பார்த்தபடியே சொன்னான்.

"அவசர பிரேக்கோட வயர கழட்டி விட்டுட்டோம்க்கா. டிசம்பர்லேருந்து. அதால கார் சும்மா சும்மா நின்னுக்கிட்டே இருந்துச்சு. எப்படியாவது ஓட்டு, எப்படின்னு எங்கிட்ட சொல்லாதன்னுட்டாரு செகே."

"நீயே நிறுத்திடு."

"நிறுத்தினா அன்னிக்கே வேல போயிடும். மூணு புள்ளைங்கக்கா."

"அப்ப நான் சொல்லிடுவேன், யெர்கின். இது இந்த ரூமோட நிக்காது."

அவன் பூட்ஸ் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு, "சொல்லுங்க," என்றான்.

அன்று மாலையே செரிக்பாயிடம் போனாள். விஷயம் யெர்கின் சொன்னது என்றதும் அவர் இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டார்.

"வேணாம்மா. ரகசியம்னா ரகசியம். உன் தொழிலுக்கே இது அடுக்குமா?"

அவள் 'ரோப்' என்று தொடங்குவதற்குள் எழுந்து ஜன்னலோரம் போய் யாருக்கோ போன் போட்டார். காதில் விழுந்துவிட்டால் அவர் பொறுப்பு; விழாதவரை யெர்கின் பொறுப்பு. மறுநாள் அரசாங்கப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாள். முத்திரை குத்தி, பதினைந்து வேலை நாளில் பதில் வரும் என்றார்கள்.

ஞாயிறு மதியம் செரிக்பாயின் சின்னப் பேரனுக்குக் கால்கயிறு அறுக்கும் விருந்து. நடக்கத் தொடங்கிய குழந்தையின் கால்களில் கறுப்பும் வெள்ளையுமாய்த் திரித்த கயிற்றைக் கட்டி, யார் குணம் வரவேண்டுமோ அவரை அறுக்கச் சொல்வார்கள். அக்மரால்தான் என்று போன மாதமே ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. மாற்றினால் இருநூறு பேர் ஏன் என்று கேட்பார்கள்.

"இந்தம்மாகிட்டேருந்து ஒரு சேதி வாங்க முடியாது. என் பேரனும் அப்படியே வளரட்டும்," என்றார் மைக்கில்.

அறுத்தாள். குழந்தை நாலு எட்டு வைத்து விழுந்தது. கை தட்டினார்கள். அறுத்தவர் வாழ்த்த வேண்டும். வாழ்த்தும்போது குறுக்கே யாரும் பேசக் கூடாது. மைக் அவள் கைக்கு வந்தது.

"குழந்த நூறு வயசு இருக்கணும். எல்லாக் குழந்தைங்களும் இருக்கணும். செகேயோட ரோப் கார்ல டிசம்பர்லேருந்து அவசர பிரேக் இல்ல. இப்பவும் ஓடிக்கிட்டிருக்கு. ஆமீன்."

வழக்கப்படி இரு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பழக்கதோஷத்தில் இருநூறு பேரும் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் உறைத்தது.

குழந்தையின் அம்மா, செரிக்பாயின் மருமகள், எழுந்தாள். "மாமா, பெரியவன் இப்ப அதுலதான போயிருக்கான்?"

செரிக்பாய் போனில் முதல் தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினார். "மெதுவா எல்லாரையும் இறக்கு. அப்புறம் நிறுத்து. கேள்வி கேக்காத."

எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். யெர்கினுக்கு வேலை போகவில்லை. வயரைத் திரும்ப மாட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அக்மராலுக்குத்தான் போனது. செகேயின் ஆட்கள் ஆறு பேரும் வராமல் நின்றார்கள், மற்ற கம்பெனிக்காரர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். மூன்று வாரம் அறையில் தனியாகத் தேநீர் குடித்தாள்.

நாலாவது வாரம் ஒரு சுரங்க இன்ஜினியர் போன் செய்தார்.

"உங்ககிட்ட சொன்னா வெளிய போயிடுமாமே?"

"உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நாளைக்குக் காலைல வரலாமா?"